டன்ஸ்டபிள் புல்வெளியில் ஒரு நாள்: லண்டன் கிளைடிங் கிளப்

கிளைடரில், அதாவது என்ஜின் இல்லாத விமானத்தில், பறக்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பத்து நிமிடம் பறந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நாங்கள் காலை ஒன்பதுக்குப் போனோம், இரவு எட்டரைக்குத் திரும்பினோம். அவ்வளவு நேரத்தில் நான் வானத்தில் இருந்தது 21 நிமிடம், அப்பா இருந்தது 7 நிமிடம். இருந்தும் அந்த நாளில் ஒரு மணி நேரம்கூட வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் இங்கிலாந்தின் லூட்டன் நகரில் 14 வருடமாக இருக்கிறேன். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. மகளுக்கு 11 வயது. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் டன்ஸ்டபிள் குன்றுக்குப் போய்ப் பட்டம் விடுவோம். பெட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் அதுதான் உயரமான இடம், 243 மீட்டர். நம் பொதிகையைப் பார்த்தவர்களுக்கு அது மேடுதான். ஆனால் மேற்குப் பக்கம் சட்டென்று சரிந்து இறங்கும். அந்தச் சரிவின் அடிவாரத்தில் இருக்கும் பெரிய புல்வெளிதான் லண்டன் கிளைடிங் கிளப். பேரில் மட்டும்தான் லண்டன். 1930-ல் தொடங்கிய கிளப். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் வெள்ளைக் கிளைடர்கள் குன்றின் விளிம்பை ஒட்டி, நாம் நிற்கும் உயரத்துக்கே, விசில் மாதிரி ஒரு சத்தத்தோடு கடந்து போகும். உள்ளே இருப்பவர் முகம்கூடத் தெரியும்.

போன வருடம் மே மாதம் அப்பா தென்காசியிலிருந்து வந்தார். 69 வயது. 32 வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரைக் குன்றுக்குக் கூட்டிப்போனபோது ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "இது ஆரியங்காவுக் கணவாய்க் காத்து மாதிரில்லா அடிக்கு. என்ஜின் இல்லாம எப்படித் தாயி மேல நிக்கி?" என்று கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நான் முதலில் இணையத்தில் பறப்பதற்கான பரிசுச் சீட்டு விற்கும் ஒரு நிறுவனத்திடம் வாங்கினேன். விலை கூடுதல். தேதி கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை. காலாவதித் தேதி நெருங்கிய பிறகு, நீட்டிக்கத் தனிக் கட்டணம் என்றார்கள். அந்தப் பணத்தை விட்டுவிட்டு நேரடியாகக் கிளப்பிலேயே பதிவு செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நடுவில் ஆள் இருந்தால் வானிலை மாறும்போது உங்களிடம் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். வானிலைதான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. எங்களுக்கே முதல் தேதி தாழ்ந்த மேகத்தால் போனது, இரண்டாவது தேதி மழையால். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்றாவது, ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. மேற்கிலிருந்து நிதானமான காற்று, அங்கங்கே பஞ்சு மேகம்.

கிளப் கட்டிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலர் தேநீர்க் கோப்பையோடு அதைக் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். 1930-களில் கட்டிய வெள்ளைக் கட்டிடம், நீள நீளமான கண்ணாடி ஜன்னல்கள். வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் நிக்கல்சன். அவரே கிளைடர் ஓட்டியவர். 1948-ல் சுவிட்சர்லாந்தின் சமேடனில் நடந்த உலகப் போட்டியில் பறக்கும்போது விபத்தில் இறந்துபோனார். இப்போது அது பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களின் பட்டியலில் இருக்கிறது. எந்த ஜன்னலருகே உட்கார்ந்தாலும் வானம் தெரிகிற மாதிரிக் கட்டியிருக்கிறார். பறக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த யோசனை வரும்.

காகிதங்களில் கையெழுத்து, எடை பார்ப்பது, ஒரு சின்ன விளக்கம். எடைக்கு வரம்பு உண்டு, உடையோடு சேர்த்து ஏறக்குறைய 100 கிலோ. அதற்கு அருகில் இருப்பவர்கள் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அப்பா இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், முழங்கால் வலி உண்டு. இரண்டையும் முன்னதாகவே சொல்லியிருந்தேன். பயிற்சியாளர் அதை மறுபடியும் எங்களிடம் நிதானமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். அது எனக்குப் பிடித்தது.

அதன் பிறகு புல்வெளி. வேலை இங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் பயணச்சீட்டு வாங்கிய பயணி என்ற நினைப்பைக் காரிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். கிளைடர் தானாக நகராது. இறங்கியதும் யாராவது வண்டியில் கயிறு கட்டி வரிசையின் கடைசிக்கு இழுத்து வர வேண்டும். கூடவே ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்தபடி நடக்க வேண்டும். ஒருவர் கேபிளை மாட்ட வேண்டும், ஒருவர் நேரம் எழுத வேண்டும், ஒருவர் வானத்தைப் பார்த்து வழி சுத்தமாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும், ஒரு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர், கேபிளால் கிளைடரை இழுத்து மேலே ஏற்றும் வின்ச் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். ஒரு ஆள் ஏழு நிமிடம் பறக்க அரை டஜன் பேர் வெயிலில் நிற்கிறார்கள். நிற்கிறவர்களில் பலர் அந்த நாளில் தங்கள் முறைக்காகக் காத்திருப்பவர்கள். என் மகள் நேரம் எழுதுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கிளைடர் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது இறங்கியது என்று வாசித்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பாவிடம் இறக்கை நுனியைக் கொடுத்தார்கள். எங்கே பிடிக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று ஒருவர் காட்டினார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. இருவருக்கும் கை போதுமாக இருந்தது.

காத்திருந்தபோது ஒரு மூத்த உறுப்பினர், இந்தியாவில் கிளைடர் உண்டா என்று அக்கறையாகக் கேட்டார். புனே ஹடப்சரில் அரசின் மையம் இருப்பது மட்டும் எனக்குத் தெரியும், சொன்னேன். அன்றிரவு தேடிப் படித்தபோது நெஞ்சு நிறைந்தது. நம் சிவில் விமானத் துறையே கிளைடர்களை வடிவமைத்திருக்கிறது. 1958-ல் முதலில் பறந்தது அஸ்வினி. தொடர்ந்து பரணி, ரோகிணி, கார்த்திக், மிருகசீர்ஷம் என்று நட்சத்திரப் பெயராகவே வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அஸ்வினியையும் ரோகிணியையும் வடிவமைத்தவர் எஸ். ராமாமிருதம். என் மகள் ரோகிணி நட்சத்திரம். அவளிடம் சொன்னதும் தன் அறைச் சுவரில் அந்தப் பெயரை எழுதி ஒட்டிவிட்டாள்.

இனி வின்ச். குன்றடியிலிருந்து நீளும் புல்வெளியின் மறுகோடியில் பெரிய என்ஜினும், கேபிள் சுற்றும் உருளையும் வைத்த வண்டி நிற்கிறது. கேபிளின் இந்த முனையைக் கிளைடரின் அடிவயிற்றுக் கொக்கியில் மாட்டுகிறார்கள். விளக்கால் சைகை போனதும் முதலில் மெதுவாக இழுத்துத் தொய்வை எடுக்கிறது, அடுத்த சைகைக்கு முழு வேகம். வின்ச் ஓட்டுநருக்குக் கிளைடரின் மூக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும். அது ஏறும் கோணத்தைப் பார்த்தே எவ்வளவு வேகம் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறார். திடீர்க் காற்று வந்தால் குறைக்க வேண்டும். அப்பாவின் ஆர்வத்தைப் பார்த்து, இடைவேளையில் ஒருவர் எங்களை வின்ச்சுக்குக் கூட்டிப்போனார். அப்பா என்ஜினைச் சுற்றி வந்தார், ஓட்டுநரின் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "கிளட்ச்ல கால் வச்ச மாதிரி லேசாத்தான் வச்சிருக்காரு. நல்ல டிரைவர்" என்றார். நான் மொழிபெயர்த்ததும் அந்த ஓட்டுநர் எழுந்து நின்று அப்பாவின் கையைக் குலுக்கினார்.

அப்பாவின் முறை முதலில் வந்தது. வண்டி ஏ.எஸ்.கே. 21. ஜெர்மனியின் ஷ்லைகர் நிறுவனத் தயாரிப்பு, 17 மீட்டர் இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. மாணவர் முன்னே, பயிற்சியாளர் பின்னே. முழங்கால் மடக்கி உள்ளே இறங்குவது அப்பாவுக்குச் சிரமமாக இருந்தது, இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். பாராசூட், ஐந்து பட்டைகள். பின்னால் இருந்தவர் சோதனைகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னார்: கட்டுப்பாடுகள், எடை, பட்டைகள், கருவிகள், மூக்கின் நிலையைச் சரிசெய்யும் டிரிம், கண்ணாடி மேல்கூடு, பிரேக். கடைசியில், கேபிள் அறுந்தால் என்ன செய்வது. அப்பாவுக்குச் சொற்கள் புரியாவிட்டாலும் அது என்னவென்று புரிந்துவிட்டது. பணிமனையை விட்டு வண்டி எடுக்கும் முன் ஆயில், தண்ணி, டயர் பார்த்தவர் அல்லவா.

கேபிள் இறுகியது, ஓடியது, அடுத்த மூன்று நொடியில் கிளைடர் தரையில் இல்லை. கொஞ்சம் உயர்ந்ததும் மூக்கு வானத்தைப் பார்க்க நிமிர்ந்து, படிக்கட்டே இல்லாத மாடிக்கு ஏறுவது போல ஏறியது. கீழே நின்று என் அப்பா அதற்குள் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் எனக்கு மூச்சே வரவில்லை. உச்சியில் கேபிள் கழன்று, சின்னப் பாராசூட்டோடு கீழே வந்தது. கிளைடர் மெல்லத் திரும்பிக் குன்றை நோக்கிப் போனது.

இறங்கி வந்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் பேசினார். "மலையிறக்கத்துல நியூட்ரல்ல விட்ட வண்டி தாயி இது. நாங்க அப்படி விடவே மாட்டோம், உயிருக்கு ஆபத்து. இவங்க அதையே ஒரு வித்தையா வச்சிருக்காங்க."

இதைவிடச் சரியாக யாரும் எனக்கு கிளைடரை விளக்கியதில்லை. கிளைடர் எப்போதும் இறக்கத்தில்தான் ஓடுகிறது. மூக்கைத் தாழ்த்தினால் வேகம், உயர்த்தினால் நிதானம், மிகவும் உயர்த்தினால் இறக்கையால் வண்டியைத் தாங்கிப் பிடிக்க முடியாது. இந்த ஏ.எஸ்.கே. 21 ஒரு அடி இறங்குவதற்குள் 34 அடி முன்னே போகும். அசையாத காற்றில் 1,000 அடி உயரத்திலிருந்து 10 கிலோமீட்டர் போய்விடலாம். காற்று நீங்கள் இறங்குவதைவிட வேகமாக மேலே போகும் இடம் கிடைத்தால், இறங்கிக்கொண்டே ஏறலாம். அந்த இடத்தைத் தேடுவதுதான் இந்தக் கலை முழுவதும்.

என் முறை வர மணி மூன்றேகால் ஆனது. வின்ச் இழுப்பில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, கண்ணுக்கு முன் வானம் மட்டும். மஞ்சள் குமிழை இழுத்துக் கேபிளை விட்டபோது உயரமானி 1,300 அடி காட்டியது. அதற்குப் பிறகு அமைதி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அமைதி இல்லை. காற்றின் சத்தம் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இருக்கிறது. வேகம் கூடினால் சத்தம் உயரும், குறைந்தால் அடங்கும். சில நிமிடத்தில் காதே வேகமானி ஆகிவிடுகிறது.

மேல்கூட்டின் வெளியே, கண்ணுக்கு நேரே, ஒரு சிவப்புக் கம்பளி நூலை ஒட்டியிருந்தார்கள். வண்டி நேராகப் போனால் நூல் நேராக நிற்கும். பக்கவாட்டில் சறுக்கினால் நூல் சாயும். இத்தனை கருவிகளுக்கு நடுவே ஒரு துண்டு நூல்தான் உண்மையை உடனே சொல்கிறது. பயிற்சியாளர் என்னை ஓட்டச் சொன்னார். நான் கைப்பிடியை மட்டும் சாய்த்துத் திருப்பினேன், நூல் ஓரமாக ஓடியது. காலையும் கையையும் சேர்த்துச் செய், என்றார். ஐந்தாறு முறைக்குப் பிறகு ஒரு திருப்பத்தில் நூல் அசையாமல் நின்றது. அந்த ஒரு திருப்பத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

குன்றை ஒட்டித் தெற்கே போனோம். மேற்குக் காற்று சரிவில் மோதி வேறு வழியில்லாமல் மேலே ஏறுகிறது, நாம் அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறோம். கோடியில் விப்ஸ்னேட் விலங்குக்காட்சிச் சாலை, அதன் கீழே சரிவில் சுண்ணாம்பில் செதுக்கிய வெள்ளைச் சிங்கம். 1933-ல் செதுக்கி முடித்தது. சாலையில் போகும்போது ஒரு வெள்ளைப் பட்டையாகத்தான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் பிடரியும் வாலும் தெரியும் முழுச் சிங்கம்.

திரும்பி வரும்போதுதான் பருந்துகள். ஊரில் செம்பருந்து என்போமே, அது இல்லை. இது வால் பிளந்த வேறு இனம். இங்கிலாந்தில் முற்றிலும் அழிந்துபோய், 1989 முதல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகள் கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள், இப்போது எங்கள் தெருவின் மேலேகூடச் சுற்றுகின்றன. இரண்டு பருந்துகள் சிறகை அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றைப் பின்தொடர்வோம், என்றார் பயிற்சியாளர். அவற்றின் வட்டத்துக்குள் நுழைந்ததும் யாரோ கீழிருந்து இருக்கையைத் தூக்கிய மாதிரி இருந்தது. ஏற்றத்தைச் சொல்லும் கருவி கீச்கீச்சென்று வேகமாகச் சத்தமிட்டது. வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்றுத் தூண், இங்கே தெர்மல் என்கிறார்கள். அதற்குள் சுற்றிச் சுற்றி 2,100 அடி வரை ஏறினோம். ஒரு பருந்து என் இடது இறக்கை நுனிக்கு அப்பால் வந்து, தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனது. சின்ன வயதில் வயலில் மல்லாந்து படுத்து, இது ஏன் சிறகை அடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அதற்கான பதில் அப்போது என் உடம்புக்குள் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இறங்குவதற்கு ஒரே வாய்ப்புதான். தவறிவிட்டது, இன்னொரு சுற்று என்று மேலே எழ என்ஜின் இல்லை. அதனால் புல்வெளியைச் சுற்றி ஒழுங்கான ஒரு பாதை, பிறகு நீலப் பிடியை இழுத்து இறக்கையிலிருந்து பிரேக் தகடுகளை எழுப்பி இறங்குகிறார்கள். புல்லில் கடகடவென்று ஓடி நின்று, இறக்கை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது.

என்ன வாங்கலாம் என்று கேட்டால்: வின்ச் தவிர, சிறு விமானம் கயிறு கட்டி இழுத்துப்போகும் முறையும் உண்டு. அதில் இன்னும் உயரத்துக்குப் போகலாம், நேரமும் கூடுதல், விலையும் கூடுதல். என் கருத்து, ஒரு விமான இழுப்புக்குப் பதில் இரண்டு வின்ச் எடுங்கள். அப்பாவுக்குக் கிடைத்ததுபோல ஏழே நிமிடத்தில் முடியலாம், ஏறுகாற்று கிடைத்தால் என்னைப்போல மூன்று மடங்கும் ஆகலாம். முதல் முறை பயந்துகொண்டே போய்விடும், இரண்டாவதில்தான் கண் திறக்கும். நான் ஒன்று மட்டும் எடுத்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. கைப்பிடி கால்களுக்கு நடுவே வருவதால் புடவையும் நீளப் பாவாடையும் சரிப்படாது. கால்சட்டை, மெல்லிய அடிப்பாகமுள்ள காலணி, விளிம்பில்லாத தொப்பி. வெயில் நாளிலும் ஒரு ஸ்வெட்டர், புல்வெளியில் ஒதுங்க நிழலும் இல்லை, காற்றுக்கு மறைப்பும் இல்லை. கார் இல்லாமல் போவது கஷ்டம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், வட்டம் போடும்போது குமட்டும். பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: இந்த நாட்டில் 14 வயதிலேயே கிளைடரைத் தனியாக ஓட்டலாம். என் மகள் அந்த எண்ணைக் கேட்டதும் விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டாள்.

பறந்து முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள், மாலை வரை இருங்கள். ஆறு மணிக்கு மேல் கிளைடர்களை ஹேங்கர் கொட்டகையில் அடுக்கும் வேலை. இடம் கொஞ்சம், இறக்கைகள் நீளம். ஒன்றின் இறக்கைக்குக் கீழே இன்னொன்றின் வால், அதற்கு மேலே மூன்றாவதின் மூக்கு என்று வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறார்கள். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி பணிமனையில் பேருந்துகளை இடிபடாமல் நெருக்கி நிறுத்தப் பின்னால் நின்று கை காட்டியவர். நான்காவது கிளைடர் வரும்போது அவரை யாரும் கூப்பிடாமலே உள்ளே போய், இறக்கை நுனிக்குக் கீழே குனிந்து நின்று, "வரட்டும், வரட்டும்" என்று கையை அசைத்தார். தள்ளிக்கொண்டிருந்த ஐந்து பேரும் அவர் கையைப் பார்த்துத் தள்ளினார்கள். ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது உள்ளங்கையை விரித்தார். வண்டி நின்றது.